ஆளுக்கொரு பாதை, எல்லாருக்கும் ஒரே பந்தயம்

ஓட்டப்பந்தயம் என்றதும் நம் மனதில் வருவது ஒரு வெள்ளைக் கோடு, ஒரு விசில் சத்தம், ஒரே நேரத்தில் பாய்ந்து கிளம்பும் கால்கள். யார் முதலில் வந்தார் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதில் பெரிய சண்டைக்கு இடமில்லை.

ஆனால் ஓடுகிறவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தால்? ஒருவர் விடியற்காலையில் சமதளமான சாலையில் ஓடுகிறார். இன்னொருவர் வேலை முடிந்து சாயங்காலம் மலைச்சரிவில் ஓடுகிறார். ஒருவருக்கு வயது 22, இன்னொருவருக்கு 58. இருவரும் ஒரே க்ளப் உறுப்பினர்கள், ஒரே போட்டியில் பெயர் கொடுத்தவர்கள். இவர்களில் ஜெயித்தது யார் என்று எப்படிச் சொல்வது?

2020-ல் கொரோனா உலகத்தையே வீட்டுக்குள் அடைத்தபோது, ஓட்ட க்ளப்கள் எல்லாம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டின. 'மெய்நிகர் ஓட்டம்' என்ற பெயர் அப்போதுதான் பலர் காதில் விழுந்தது. பெயர் புதிது, கேள்விகள் பழையவை. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று: வேகத்தில் வேறுபடுகிறவர்களை எப்படி ஒப்பிடுவது?
இரண்டு: தூரத்தை அளப்பது யார், எதைக் கொண்டு?
மூன்று: பார்க்க ஆளில்லாத இடத்தில் ஓடியவரை எப்படி நம்புவது?

இந்த மூன்றுக்கும் 150 வருடங்களுக்கும் மேலாக மனிதர்கள் விடை தேடியிருக்கிறார்கள். சில விடைகள் பிரமாதம். சில விடைகள் பயங்கரச் சொதப்பல். இரண்டிலும் பாடம் உண்டு.

தொப்பிக்குள் கை

முயல்-ஆமை கதை தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்தக் கதையில் ஆமை ஜெயித்ததற்குக் காரணம் முயலின் தூக்கம். முயல் தூங்காமல் ஓடியிருந்தால் கதையே இல்லை. முயல் தூங்காவிட்டாலும் போட்டி சுவாரஸ்யமாக இருக்க என்ன செய்யலாம்? ஆமையை முன்னால் நிறுத்தி ஓடவிடலாம். எவ்வளவு முன்னால் என்பதுதான் கேள்வி. இதற்குப் பெயர்தான் ஹேண்டிகேப்.

இந்தச் சொல்லின் பிறப்பே வேடிக்கையானது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்டமாற்று விளையாட்டு ஒன்று இருந்தது. இருவர் ஆளுக்கொரு பொருளை மாற்றிக்கொள்ள விரும்புவார்கள். எந்தப் பொருள் மதிப்பு குறைவு, அதோடு எவ்வளவு பணம் சேர்த்துத் தர வேண்டும் என்பதை மூன்றாவது ஆள் ஒருவர் தீர்மானிப்பார். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்து, சம்மதமா இல்லையா என்று காட்டுவார்கள். 'தொப்பிக்குள் கை' என்ற அந்த ஆங்கிலச் சொற்றொடர்தான் சுருங்கி ஹேண்டிகேப் ஆனது. நடுநிலையான ஒருவர் இரண்டு பக்கத்தையும் சமமாக்குகிறார் என்பதே அதன் அடிப்படை.

அங்கிருந்து இந்த யோசனை குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரைமேல் அதிக எடை, மெதுவான குதிரைமேல் குறைந்த எடை. 1855-ல் அட்மிரல் ஹென்றி ரூஸ் இங்கிலாந்தில் இந்த எடைகளைத் தீர்மானிக்கும் அதிகாரியானார். குதிரையின் வயதுக்கு ஏற்ப எடையை நிர்ணயிக்கும் அட்டவணையும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. வயதை ஓர் எண்ணாக மாற்றும் இந்த அட்டவணையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மனிதர்களுக்கும் அது வரப்போகிறது.

குதிரைக்கு அடுத்து மனிதர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்ட் போன்ற தொழில் நகரங்களில் குறுந்தூர ஹேண்டிகேப் ஓட்டங்கள் பெரும் கூட்டத்தை இழுத்தன. கூட்டம் வந்தது ஓட்டத்துக்காக மட்டுமல்ல, சூதாட்டத்துக்காகவும்தான். தமிழில் 'பந்தயம்' என்ற ஒரே சொல் போட்டியையும் குறிக்கிறது, பணம் கட்டுவதையும் குறிக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

ஹேண்டிகேப்பின் முதல் ஓட்டை இங்கேதான் தெரிந்தது. உங்கள் பழைய நேரத்தை வைத்துத்தான் உங்களுக்கு எத்தனை கெஜம் சலுகை என்று தீர்மானிப்பார்கள் என்றால், முதல் சில போட்டிகளில் வேண்டுமென்றே மெதுவாக ஓடினால் போதும். சலுகை ஏறும். பிறகு பெரிய பரிசு வரும் நாளில் உண்மையான வேகத்தைக் காட்டலாம். லாபத்தைக் குறைத்துக் காட்டி வரியை மிச்சம் பிடிப்பது போலத்தான். கணக்குப் புத்தகம் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தங்க ஊரின் ஈஸ்டர் ஓட்டம்

இந்த ஓட்டையோடு இன்றுவரை போராடிக்கொண்டே உயிரோடிருக்கும் போட்டி, ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் கிஃப்ட். விக்டோரியா மாநிலத்தில், தங்கச் சுரங்கத்தால் வளர்ந்த ஸ்டாவெல் ஊரில் 1878-ல் ஈஸ்டர் விடுமுறையின்போது தொடங்கியது. இன்று அதன் தூரம் 120 மீட்டர். மிக வேகமான ஓட்டக்காரர் கோட்டில் நிற்பார். மற்றவர்கள் அவரவர் திறமைக்கேற்ப சில மீட்டர் முன்னால் நிற்பார்கள். சலுகை சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் கடைசி சில அடிகளில் எல்லோரும் ஒரே வரிசைக்கு வந்துவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அதைவிட விருந்து வேறில்லை.

சலுகையே இல்லாமல் கோட்டிலிருந்து ஓடி ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? போட்டி தொடங்கி சுமார் நூறு வருடம் கழித்து, 1975-ல்தான் அது முதல்முறையாக நடந்தது. ஓடியவர் மடகாஸ்கரின் ழான்-லூயி ராவேலோமனன்ட்சோவா, 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதிப் போட்டிவரை வந்தவர். இரண்டாவதாக அதைச் செய்தவர் 2005-ல் ஜோஷுவா ராஸ்.

வேண்டுமென்றே மெதுவாக ஓடுவதைத் தடுக்க அங்கே கண்காணிப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். திடீரென்று நம்பமுடியாத அளவு முன்னேறியவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், அபராதம் போடலாம். அதாவது சூத்திரம் மட்டும் போதவில்லை, அதற்குமேல் ஒரு தணிக்கையும் தேவைப்பட்டது. பரிசுப் பணம் பெரிதாக இருக்கும்வரை தணிக்கைக்கும் வேலை இருக்கும்.

அதே 1878-ல் லண்டனில் வேறு ஒரு விதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்போது ஆறு நாள் தொடர் நடைப் போட்டிகள் மிகப் பிரபலம். அமெரிக்காவின் எட்வர்ட் பேசன் வெஸ்டன், அயர்லாந்தில் பிறந்த டேனியல் ஓ'லியரி இருவரும் நட்சத்திரங்கள். ஆனால் ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் இவர் நடந்தாரா, ஓடினாரா என்ற தகராறு வரும். ஆறு நாள், இரவு பகலாக ஒருவரின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருக்க எந்த நடுவரால் முடியும்?

சர் ஜான் ஆஸ்ட்லி இதற்கு எளிமையான வழி சொன்னார். நட, ஓடு, தவழ், உன் இஷ்டம். ஆறு நாளில் எவ்வளவு தூரம் என்பது மட்டும்தான் கணக்கு. மார்ச் 1878-ல் இஸ்லிங்டன் வேளாண் அரங்கில் நடந்த அந்தப் போட்டியில் ஓ'லியரி சுமார் 520 மைல் கடந்து ஜெயித்தார். நடையா ஓட்டமா என்ற சண்டை அதோடு ஓய்ந்தது. கண்காணிக்க முடியாத விதியை விதியாக வைக்காதே என்பது அந்தப் போட்டி தந்த பாடம்.

ஆள் முடிவு செய்வதா, அட்டவணை முடிவு செய்வதா?

ஸ்டாவெலில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகச் சலுகை. அதைத் தீர்மானிப்பவர் ஒரு மனிதர். அமெரிக்காவில் இன்னொரு பழைய போட்டி வேறு பாதையில் போனது.

கலிஃபோர்னியாவில் மில் வேலியிலிருந்து ஸ்டின்சன் கடற்கரைவரை நடக்கும் டிப்சீ ஓட்டம் 1905-ல் தொடங்கியது. தூரம் சுமார் 12 கிலோமீட்டர். ஆரம்பத்திலேயே ஏறக்குறைய 700 படிக்கட்டுகள், பிறகு டமால்பயஸ் மலையின் சரிவுகள். சில இடங்களில் குறுக்குவழியில் போவதும் சட்டப்படி செல்லும்! ஆரம்ப காலத்தில் இங்கேயும் ஆளுக்கொரு சலுகைதான். பின்னாளில் வயதையும் பாலினத்தையும் மட்டும் வைத்துச் சலுகை நிமிடங்கள் தீர்மானிக்கும் முறை வந்தது. இளம் ஆண்கள் கடைசியில் கிளம்புவார்கள். மிக முதியவர்களும் மிகச் சிறியவர்களும் சுமார் 25 நிமிடம்வரை முன்னால் கிளம்பலாம். முதலில் கடற்கரையைத் தொடுபவர்தான் வெற்றியாளர். 2010-ல் அப்படி ஜெயித்தது 8 வயதுச் சிறுமி ஒருத்தி.

இந்த முறையின் அழகைக் கவனியுங்கள். வயதை யாராலும் வேண்டுமென்றே மெதுவாக்க முடியாது. பழைய நேரத்தை மறைக்கலாம், பிறந்த தேதியை மறைக்க முடியாது. அதனால் ஏமாற்றும் ஆசைக்கு அடித்தளமே இல்லாமல் போனது. சலுகை எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். போன தடவை ஜெயித்தவருக்கு அடுத்த முறை சலுகை கொஞ்சம் குறையும் என்ற விதியும் உண்டு. கோப்பை ஒரே வீட்டில் தங்காமலிருக்க அது ஓரளவு உதவும். அதேசமயம் உண்மையான வேகத்தில் முதலிடம் பிடித்தவருக்குத் தனி மரியாதையும் உண்டு. இரண்டு வகை நியாயத்துக்கும் இரண்டு தனித்தனிப் பட்டியல்.

ஜாக் கிர்க் என்பவர் இந்த ஓட்டத்தை 1930-லிருந்து விடாமல் 67 முறை ஓடினார். 1951-லும் 1967-லும் ஜெயித்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஓடினார். ஒரு மனிதரை அறுபது எழுபது வருடம் திரும்பத் திரும்ப இழுத்து வரும் போட்டி என்றால், அதன் விதிகளில் ஏதோ சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆனால் இதே டிப்சீயில் இன்னொரு கதையும் உண்டு. பெண்கள் ஓட்டப்பந்தயத்தில் ஓட அன்றைய அமெச்சூர் தடகள யூனியன் அனுமதிக்காத காலம் அது. எனவே 1918 முதல் 1922 வரை பெண்களுக்கான நிகழ்ச்சியை 'நடைப்பயணம்' என்று பெயர் மாற்றி நடத்தினார்கள். பாதை அதே, மலை அதே, மூச்சிரைப்பும் அதே. பெயர் மட்டும் வேறு. பெண்களுக்கு அதிகாரபூர்வமாக இடம் கிடைக்க 1970-கள் வரவேண்டியிருந்தது. யாருக்குச் சலுகை என்று பேசுவதற்கு முன்னால், யார் கோட்டில் நிற்கலாம் என்ற கேள்வி இருக்கிறது. எவ்வளவு நுட்பமான சூத்திரமும் வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு உதவாது.

தபாலில் வந்த முடிவுகள்

இதுவரை பார்த்த போட்டிகளில் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். ஆளுக்கொரு இடத்திலிருந்து போட்டியிடும் யோசனைக்குத் தபாலும் தந்தியும் கைகொடுத்தன.

முதலில் இதற்கு வசதியாக இருந்தது சதுரங்கம்தான். 1897-ல் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையினரும் கடலடித் தந்தி வழியாகச் சதுரங்கம் ஆடினார்கள். முடிவு, சமன். துப்பாக்கி சுடும் க்ளப்களும் இப்படிப் போட்டியிட்டன. சுட்ட அட்டையைத் தபாலில் அனுப்பினால் போதும், துளைகள் பொய் சொல்லாது. அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகள் தங்கள் நீச்சல் குளத்திலேயே நீந்தி, நேரங்களைத் தந்தியில் அனுப்பிப் போட்டி நடத்தின. பயணச் செலவு இல்லை, விடுதிச் செலவு இல்லை.

ஓட்டத்திலும் இது வந்தது. 1960, 70-களில் அமெரிக்க க்ளப்கள் 'தபால் போட்டி' என்ற பெயரில் ஒரு மணி நேர ஓட்டங்களை நடத்தின. ஒவ்வொரு க்ளப்பும் தன் ஊர் மைதானத்தில் ஓடும். ஒரு மணி நேரத்தில் யார் எவ்வளவு தூரம் ஓடினார் என்று எழுதி அனுப்பும். எல்லா ஊர்த் தாள்களையும் சேர்த்து ஒரே பட்டியல் தயாராகும்.

ஏன் குறிப்பிட்ட தூரம் வைக்காமல் குறிப்பிட்ட நேரம் வைத்தார்கள்? இதில் நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது. தூரத்தை நிர்ணயித்தால் வேகமானவர் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மெதுவானவர் காலி மைதானத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பார். நேரத்தை நிர்ணயித்தால் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பார்கள். ஒருவர் 40 சுற்று, இன்னொருவர் 25 சுற்று. கடைசி ஆள் என்று கண்ணுக்குத் தெரியும்படி யாரும் இல்லை! தவிர, அளந்து போட்ட 400 மீட்டர் தடம் எந்த ஊரிலும் 400 மீட்டர்தான். சுற்றுகளை எண்ணுவது பக்கத்தில் உட்கார்ந்த இன்னொருவர். தூரம், நேரம், சாட்சி மூன்றும் ஒரே ஏற்பாட்டில் சரியாகிவிட்டன. அமெரிக்க மாஸ்டர்ஸ் நீச்சல் அமைப்பும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து இதேபோல ஒரு மணி நேரத் தபால் போட்டி நடத்திவருகிறது.

ரன்னர்ஸ் வேர்ல்ட் பத்திரிகையின் 24 மணி நேரத் தொடர் ஓட்டம் இன்னொரு வகை. ஓர் அணிக்கு 10 பேர். ஆளுக்கு ஒரு மைல், வரிசை மாறாமல், ஒரு நாள் முழுக்க. அணியின் மொத்த மைல்தான் கணக்கு. நள்ளிரவு 3 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஓடும் பத்தாவது ஆளின் மைலும், அணியின் நட்சத்திரம் ஓடும் மைலும் கூட்டலில் ஒரே ஒரு மைல்தான். க்ளப்பின் மெதுவான ஆளையும் தேவையான ஆளாக்கியது இந்தக் கூட்டல்தான்.

சைக்கிள் சக்கரமும் செயற்கைக்கோளும்

மைதானத்தை விட்டுச் சாலைக்கு வந்தால் இரண்டாவது கேள்வி வந்து நிற்கும். இந்தத் தூரம் உண்மையில் எவ்வளவு?

ஒரு காலத்தில் கார் மீட்டரைப் பார்த்துச் சாலைப் பந்தயத்தின் தூரத்தைச் சொன்னவர்களும் உண்டு. இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் டெட் கார்பிட். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய கறுப்பின அமெரிக்கர், நியூயார்க் ரோட் ரன்னர்ஸ் அமைப்பின் முதல் தலைவர். பிரிட்டனில் ஜான் ஜுவெல் ஏற்கெனவே செம்மைப்படுத்தியிருந்த சைக்கிள் அளவு முறையை எடுத்துக்கொண்டு, 1964-ல் ஒரு விரிவான கையேடு எழுதினார். சரியாக அளந்த ஒரு நேர்கோட்டில் சைக்கிளை ஓட்டி, சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதே சைக்கிளால் பந்தயப் பாதையை அளக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் ஆலன் ஜோன்ஸ் உருவாக்கிய சுற்று எண்ணும் கருவி இந்த வேலையை எளிதாக்கியது.

இந்த முறையில் ஒரு சின்ன சாமர்த்தியம் உண்டு. அளக்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பார்கள். பாதை கொஞ்சம் நீளமாக இருந்தால் பரவாயில்லை, ஒரு மீட்டர்கூடக் குறையக் கூடாது. வாடிக்கையாளருக்குக் கொசுறு போட்டுக் கொடுக்கும் கடைக்காரர் மாதிரி! காரணம் இல்லாமல் இல்லை. 1981 நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்ட்டோ சலஸார் 2:08:13-ல் ஓடியது உலக சாதனையாகக் கொண்டாடப்பட்டது. பின்னால் மறுபடி அளந்தபோது பாதை சுமார் 150 மீட்டர் குறைவு என்று தெரிந்தது. சாதனை போனது. ஓடியவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

நீளம் சரியாக இருந்தாலும் சரிவு என்று ஒன்று இருக்கிறதே? சாலை ஓட்ட உலக சாதனைக்கு, பாதையின் மொத்த இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. தொடக்கமும் முடிவும் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருக்கவும் கூடாது, முழுக்கப் பின்காற்றில் ஓடிவிடலாம் என்பதால். 2011-ல் பாஸ்டனில் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02-ல் ஓடியும் அது உலக சாதனையாக ஏற்கப்படாததற்கு இதுவே காரணம். இறக்கம் அதிகமான பாதைகளில் ஓடித் தகுதி பெறுவோருக்கு 2027 பந்தயம் முதல் நேரத்தைக் கூட்டிக் கணக்கிடும் விதியை, அதே பாஸ்டன் மாரத்தான் 2025-ல் அறிவித்தது. பாதைக்கே ஹேண்டிகேப்!

இதற்கிடையே மே 2000-ல் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை நீக்கியது. 2003-ல் கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் கைக்கருவி வந்தது. 2009-ல் ஸ்ட்ராவா வந்தது. ஒரே சாலைத் துண்டை வெவ்வேறு நாளில் ஓடிய முன்பின் தெரியாதவர்கள் ஒரே பட்டியலில் வந்தார்கள். தபால்காரரின் வேலையைச் செயற்கைக்கோள் எடுத்துக்கொண்டது.

ஆனால் உயரமான கட்டடங்களுக்கு நடுவே, அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் தடுமாறும். நேராக ஓடியவரை வளைந்து ஓடியதாகக் காட்டும். சைக்கிள் முறையின் துல்லியம் இதில் கிடையாது. ஒரு நொடி வித்தியாசத்தில் முதல் பரிசு கொடுக்க இது உகந்த கருவி அல்ல. எல்லோரும் ஓடினார்கள் என்று பதிவு செய்ய இது தாராளமாகப் போதும்.

வயதுக்கு ஒரு சதவீதம்

அட்மிரல் ரூஸின் குதிரை அட்டவணை நினைவிருக்கிறதா? மூத்தோர் தடகள உலக அமைப்பு 1989-ல் மனிதர்களுக்கான வயது அட்டவணையை வெளியிட்டது. கணக்கு ரொம்ப எளிது. உங்கள் வயது, பாலினம், தூரம் மூன்றுக்கும் ஓர் உச்சத் தர நேரம் இருக்கும். அதை உங்கள் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். தர நேரம் 20 நிமிடம், நீங்கள் எடுத்துக்கொண்டது 25 நிமிடம் என்றால் 80 சதவீதம். 22 வயதுக்காரர் 70 சதவீதமும் 58 வயதுக்காரர் 75 சதவீதமும் எடுத்தால், கடிகாரத்தில் யார் முந்தினாலும் இந்தப் பட்டியலில் மூத்தவர்தான் மேலே.

இதிலும் குறை உண்டு. வயது, பாலினம் இரண்டைத் தவிர வேறெதுவும் அட்டவணைக்குத் தெரியாது. போன மாதம்தான் ஓட ஆரம்பித்தவரும் இருபது வருடம் பயிற்சி எடுத்தவரும் அதன் கண்ணுக்கு ஒன்று. அது அளப்பது திறமையை. முயற்சியை அளக்க வேண்டுமென்றால், ஒருவரை அவருடைய பழைய நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால் ஷெஃபீல்டின் பழைய தந்திரம் எட்டிப்பார்க்கும். எல்லா ஓட்டையையும் அடைத்த சூத்திரம் இதுவரை கிடைக்கவில்லை.

அக்டோபர் 2, 2004 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் ஏற்பாடு செய்த 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் 13 பேர் ஓடினார்கள். அதுதான் பின்னால் பார்க்ரன் என்ற உலக இயக்கமானது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒவ்வொருவரின் முடிவுக்குப் பக்கத்திலும் இந்த வயதுச் சதவீதம் இருக்கும். பிப்ரவரி 2024-ல் பார்க்ரன் தன் தளத்திலிருந்து பாதை சாதனை போன்ற சில பட்டியல்களை எடுத்துவிட்டபோது பெரிய விவாதம் எழுந்தது. புதியவர்கள் மிரளக் கூடாது என்றது ஒரு தரப்பு. வேகமாக ஓடுகிறவர்களின் சந்தோஷத்தை ஏன் பறிக்கிறீர்கள் என்றது இன்னொரு தரப்பு. எந்தப் பட்டியலை வெளியிடுகிறோம் என்பதே, யாரைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிவிடுகிறது.

2020: எல்லோரும் தனியாக

இவ்வளவு அனுபவமும் கையிலிருந்த நிலையில்தான் 2020 வந்தது. பெரிய போட்டிகள் எடுத்த முடிவுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டன.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் சுமார் 90 கிலோமீட்டர் நீளம். ஜூன் 2020-ல் அதற்குப் பதிலாக நடந்த மெய்நிகர் ஓட்டத்தில் 5, 10, 21, 45, 90 கிலோமீட்டர் என்று விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். சாதாரணமாக அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காதவர்களுக்கும் கதவு திறந்தது.

பாஸ்டன் மாரத்தான், 1897-ல் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக ரத்தானது. செப்டம்பரில் மெய்நிகர் ஓட்டம் நடந்தது. ஒரே மூச்சில் 6 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பதக்கம் உண்டு. ஆனால் அந்த நேரத்தை அடுத்த பந்தயத்துக்கான தகுதியாகக் காட்ட முடியாது. யோசித்துப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனம். தகுதி கிடைக்கும் என்றால் பொய் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். அந்தக் காரணத்தையே எடுத்துவிட்டார்கள்.

லண்டன் மாரத்தான், அக்டோபர் 4-ஆம் தேதி முழுவதும், அதாவது 24 மணி நேரம் கொடுத்தது. ஒரே மூச்சிலும் ஓடலாம், நடுவில் வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்தும் தொடரலாம். செல்போன் ஆப் தூரத்தைக் கணக்கிட்டது. மழையில் நனைந்துகொண்டு 37,000-க்கும் மேற்பட்டோர் முடித்தார்கள். ஆஸ்ட்லியின் 1878 விதி நினைவுக்கு வரவில்லையா?

இதற்கெல்லாம் முன்பே, 2014-ல் தொடங்கிய விங்ஸ் ஃபார் லைஃப் ஓட்டம் முடிவுக்கோட்டையே தலைகீழாக்கியிருந்தது. உலகம் முழுக்க ஒரே நொடியில் ஓட்டம் தொடங்கும். அரை மணி நேரம் கழித்து ஒரு கார் கிளம்பிப் பின்னால் வரும், வேகம் படிப்படியாக ஏறும். கார் உங்களைத் தாண்டும் இடம்தான் உங்கள் முடிவுக்கோடு. கடைசியாக ஓடுகிறவர்தான் வெற்றியாளர். செல்போன் ஆப்பில் அந்தக் கார் கற்பனையாகத் துரத்தும். 2020-ல் எல்லோருக்கும் அந்தக் கற்பனைக் கார் மட்டும்தான். இதில் யாரும் 'முடிக்காமல்' வீடு திரும்புவதில்லை.

பார்க்க ஆளில்லாத இடம்

மூன்றாவது கேள்வி மிச்சமிருக்கிறது. தனியாக ஓடுகிறவர் ஏமாற்ற மாட்டாரா?

ஏமாற்றுவதற்குத் தனிமை தேவையே இல்லை என்பதுதான் வரலாறு. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஃபிரெட் லோர்ஸ் பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காரில் வந்து முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்தார். உண்மை தெரிந்ததும், விளையாட்டுக்குச் செய்தேன் என்றார். (அடுத்த வருடம் பாஸ்டன் மாரத்தானை அவர் நேர்மையாகவே ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 1980 பாஸ்டனில் ரோசி ரூயிஸ் கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் ஓடி, பெண்கள் பிரிவின் வெற்றி மாலையை வாங்கிக்கொண்டார். ஆயிரக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

அந்த 1980 பந்தயத்தில் உண்மையில் ஜெயித்தவர் கனடாவின் ஜாக்குலின் கரோ. சில நாட்கள் கழித்துப் பட்டம் அவருக்கு வந்தது. ஆனால் முடிவுக்கோட்டில் கூட்டம் ஆர்ப்பரிக்கும் அந்த ஒரு நிமிடம்? அதை எந்த விசாரணைக் குழுவாலும் திருப்பித் தர முடியவில்லை. ஏமாற்று என்பது பரிசுத் தொகை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல என்பதற்கு அவர் கதை போதும். நேர்மையாக ஓடிய ஒருவரின் சந்தோஷத்தைத்தான் அது முதலில் திருடுகிறது.

ஷெஃபீல்டில் பெரும் பணம் இருந்தது, ஏமாற்று இருந்தது. தபால் போட்டிகளில் கிடைத்தது பட்டியலில் ஒரு வரி, கொஞ்சம் பெருமை. மோசடி செய்து பெரிதாகச் சம்பாதிக்க அதில் ஒன்றுமில்லை. கண்காணிப்பைக் கூட்டுவது ஒரு வழி. பொய்யின் லாபத்தைக் குறைப்பது இன்னொரு வழி. ஒரு சின்ன க்ளப்புக்கு இரண்டாவது வழிதான் கட்டுப்படியாகும்.

ஒரு க்ளப் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

இவ்வளவு வரலாற்றையும் வைத்து, நாற்பது ஐம்பது பேர் உள்ள ஒரு க்ளப் ஒரு மாத மெய்நிகர் போட்டி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம்.

தபால் போட்டிக்காரர்களிடமிருந்து நேர அளவை எடுத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை 30 நிமிடம், எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு. சாதனை விதிகளிலிருந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளலாம். இறக்கத்தின் லாபமும் பின்காற்றின் லாபமும் பெருமளவு போய்விடும். டிப்சீயிலிருந்து முன்கூட்டியே அறிவித்த வயதுக் கணக்கும், வேகத்துக்கும் வயதுக் கணக்குக்கும் இரண்டு தனிப் பட்டியலும் வாங்கிக்கொள்ளலாம். 24 மணி நேரத் தொடர் ஓட்டத்திலிருந்து அணிக் கூட்டல். ஆனால் ஒருவருக்கு வாரத்தில் இத்தனை ஓட்டம்தான் கணக்கில் சேரும் என்று உச்சவரம்பு வேண்டும். இல்லாவிட்டால் நேரம் அதிகம் உள்ளவர் ஜெயிப்பார், அல்லது முழங்காலைக் கெடுத்துக்கொள்வார். பாஸ்டனிடமிருந்து, பொய்க்குக் காரணம் கொடுக்காத பரிசு. முதல் இடத்துக்குப் பெரிய தொகை வேண்டாம். எல்லா வாரமும் ஓடியவர்கள் பெயரைக் குலுக்கிப் போட்டு ஒரு பரிசு எடுத்தால் போதும்.

இதிலும் யாராவது முணுமுணுக்கத்தான் செய்வார்கள். வேகமானவர் வயதுக் கணக்கைக் குறை சொல்வார். புதியவர் வேகப் பட்டியலைக் குறை சொல்வார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஏனென்றால் அவர்கள் கேட்பது இரண்டு வெவ்வேறு நியாயங்கள். ஒரு க்ளப் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது ஆப் எது, கைக்கடிகாரம் எது என்பதைப் பற்றி அல்ல. நம்மில் யாருடைய ஓட்டம் கணக்கில் வர வேண்டும் என்பதைப் பற்றித்தான். அதைப் பேசி முடித்து, விதியை எழுதி, ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே எல்லோர் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.

தொப்பிக்குள் கைவிட்ட அந்தப் பழைய வியாபாரிகளும் அதைத்தான் செய்தார்கள். நடுவர் சொன்ன கணக்கு இருவருக்கும் பிடித்திருந்தால்தான் பண்டம் கைமாறியது.